மூன்று டிகிரி தள்ளி

வானத்தில் ஒன்றைத் தேடுகிறவர்கள் இரண்டு வகை. கண்ணால் தேடுகிறவர்கள், எண்ணால் தேடுகிறவர்கள். நான் இரண்டாவது வகை. கறம்பக்குடிப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவனுக்கு அது தானாக வந்துவிட்ட புத்தி. எண்ணைக் கொடுங்கள், இடத்தைக் காட்டுகிறேன் என்பேன். கண்ணால் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

என் நண்பர் முதல் வகை. என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அவர் எனக்கு அண்ணன். நான் வாத்தியார், அதனால் அவருக்கு நான் சார். வல்லத்திராக்கோட்டையில் ரோட்டோரமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். எரிந்துபோன காயிலைப் பிரித்து, மெல்லிய செம்புக்கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணி மறுபடி கட்டுகிற வேலை. ஒரு சுற்று பிசகினால் மோட்டார் மறுபடி எரியும். பக்கத்து ஊர் போர் மோட்டாரெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். என் வீட்டு மோட்டாரும் அப்படித்தான் ஒரு கோடையில் போனது. அதற்காகக் காத்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சு தொடங்கியது.

கடை வைப்பதற்கு முன்னால் சவூதியில் பதினொரு வருஷம் குழாய் பதிக்கிற கம்பெனியில் இருந்தவர். பாலைவனத்தில் கேம்ப். வேலை முடிந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மல்லாந்து படுத்து வானத்தையே பார்த்திருக்கிறார். ஒரு புத்தகமும் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. எந்த வெள்ளிக்குப் பக்கத்தில் எந்த வெள்ளி, எது எப்போது எழும்பும், எது எப்போது சாயும் என்று ஒரு தெருவைப் பழகுவதுபோலப் பழகியிருந்தார். நான் எட்டு அங்குலக் கண்ணாடி ஒன்று வரவழைத்து, ஆசாரியிடம் சொல்லிப் பலகையில் பெட்டியும் சுழல்கிற அடிப்பாகமும் செய்து, ஒரு தொலைநோக்கி கட்டி வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் கடையைச் சாத்திவிட்டு என்னோடு வந்துவிட்டார். இருபது வருஷப் பழக்கம் அப்படி ஆரம்பித்தது. தண்ணீர் வற்றிய மாதங்களில் அவர் ஊர்க் கண்மாய்க்குள் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். சுற்றிலும் தைலமரக்காடு, வெளிச்சம் குறைவு.

அவருக்கு நான் எண்களைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். பூமியில் ஓர் ஊரைச் சொல்ல அட்சரேகை, தீர்க்கரேகை இருப்பதுபோல வானத்திலும் உண்டு. பூமியின் நடுக்கோட்டை அப்படியே வானம் வரை நீட்டினால் அங்கேயும் ஒரு நடுக்கோடு விழும். அதிலிருந்து ஒரு நட்சத்திரம் வடக்கே எவ்வளவு, தெற்கே எவ்வளவு என்பது நடுவரை விலக்கம். அதை டிகிரியில் சொல்வார்கள். கிழக்கு மேற்காக எங்கே என்று சொல்ல ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். மார்ச் மாதம் சூரியன் அந்த நடுக்கோட்டைத் தெற்கிலிருந்து வடக்கே தாண்டுகிற இடத்தைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து கிழக்கே எண்ணுவது வல ஏற்றம். இதை டிகிரியில் சொல்வதில்லை, மணியில் சொல்வார்கள். வானம் முழுவதும் இருபத்துநாலு மணி. ஒரு மணிக்குப் பதினைந்து டிகிரி.

"வானத்தப் போயி கடியாரத்த வச்சு அளக்குறீங்களே சார்" என்று சிரித்தார். என்னைக் கணக்குப்பிள்ளை என்று கேலி பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் அதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த இரண்டு எண்ணும் நட்சத்திரத்தின் விலாசம். சிலியில் இருக்கிறவனுக்கும் அதே விலாசம், கறம்பக்குடியில் இருக்கிற எனக்கும் அதே விலாசம். ஆனால் என் தலைக்கு மேல் அது இந்த நிமிடத்தில் எந்தப் பக்கம், எத்தனை உயரத்தில் நிற்கிறது என்பது நான் நிற்கிற ஊரையும் நேரத்தையும் பொறுத்தது. அதற்கு என் ஊரின் நட்சத்திர நேரம் தெரிய வேண்டும். அதாவது வானத்தின் எந்த மணிக்கோடு இப்போது எனக்கு நேர் உச்சியைக் கடக்கிறது என்று. அது தெரிந்தால் மீதி எல்லாம் வாய்ப்பாடு. பெட்டியின் அடியில் டிகிரி குறித்த வட்டம் ஒட்டியிருந்தேன், குழாயின் மேல் சாய்மானம் காட்டுகிற கருவி வைத்திருந்தேன். கணக்குப் போட்டு இரண்டு எண்ணுக்கும் திருப்பி வைத்தால், பொருள் கண்ணுக்குள் வந்து நிற்கும். இருபது வருஷத்தில் எத்தனையோ தடவை வந்து நின்றிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் ஏதோ நானே படைத்தது மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கிறேன்.

அவருக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. தெற்கே ஒமேகா சென்டாரி என்று ஒரு நட்சத்திரக் கூட்டம். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகச் சேர்ந்து கிடக்கும். நான் அவருக்கு முதன்முதலில் காட்டியது அதுதான். அதை அவர் பிறகு தேடுகிற விதம் இது. தெற்குச் சிலுவைக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய வெள்ளிகள். அதில் மேற்கே உள்ளதிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கிற இன்னொன்றுக்கு ஒரு கோடு. அதே கோட்டை அதே நீளத்துக்கு இன்னொரு தடவை நீட்டு. அவ்வளவுதான். நான் வாய்ப்பாட்டில் பாதி போகுமுன் அவர் அதில் கண் வைத்துவிடுவார். கோலமாவைச் சிந்தின மாதிரி கிடக்கு என்பார். ஒவ்வொரு வருஷமும் அதையேதான் சொல்வார்.

சர்க்கரை அவருக்குச் சவூதியிலேயே வந்திருக்கிறது. கவனிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அது கண்ணுக்கு வந்தது. வலது கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். செய்துவிட்டுப் பதினைந்து நாள் குப்புறப் படுத்திருக்கச் சொன்னார்கள். சாப்பிடும்போதும் தலையைக் குனிந்தே இருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளில் நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கட்டிலின் விளிம்பில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தரையோடு பேசினார். அவ்வளவும் பட்டு அந்தக் கண் வரவில்லை. வெளிச்சம், இருட்டு மட்டும் தெரியும் என்ற அளவில் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து இடது கண்ணிலும் அதே கதை தொடங்கியது. கறுப்பு நூல் மிதக்கிற மாதிரி தெரிகிறது என்றார். பகலில் கடை வேலை பார்த்தார், கம்பி எண்ணுவதற்கு மட்டும் அவர் சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தக் கண்ணை இப்போதே அறுவை செய்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட்டால் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் மாதக்கணக்காகத் தட்டிக்கழித்தார். நானும் அண்ணியும் மாற்றி மாற்றிச் சொல்லி, மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஒப்புக்கொண்டார்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த நட்சத்திரக் கூட்டத்தைப் பார்த்துவிட வேண்டும் என்றார். எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. மனசு தயாராகிவிட்டது என்று நினைத்தேன். தொலைநோக்கியைச் சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் போய்விட்டேன்.

இங்கேதான் என் கதை வருகிறது. அதுவரை என் கணக்கெல்லாம் ஒரு பழைய நோட்டில்தான் நடக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் முதல் வரி ஒன்றே: கடிகாரத்தில் கிட்டத்தட்டப் பதினைந்து நிமிடம் கழி. இந்தியா முழுவதற்கும் நாம் வைத்திருக்கிற ஒரே நேரம் காக்கிநாடாப் பக்கமாகப் போகிற எண்பத்திரண்டரை டிகிரிக் கோட்டின் நேரம். நம் ஊர் அதற்கு மேற்கே இருக்கிறது. கடிகாரம் ஒன்பது என்று காட்டும்போது புதுக்கோட்டைக்கு உண்மையில் எட்டே முக்கால்தான். மனிதர்களுக்கு இந்தப் பதினைந்து நிமிடம் ஒன்றுமில்லை. வானத்துக்கு அது மூன்றரை டிகிரிக்கு மேல்.

அந்த வருஷம் மகள் வாங்கிக்கொடுத்த புது போனில் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு அட்டவணையாகப் போட்டு வைத்தேன். நேரத்தைப் போட்டால் போதும், திசையும் உயரமும் வந்துவிடும். ஊரின் தீர்க்கரேகையை ஒரே ஒரு கட்டத்தில் ஒரு தடவை கொடுத்தால் போதும், அந்தப் பதினைந்து நிமிடத்தை அதுவே கழித்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்கும்போது அதில், பாடப்புத்தகத்தில் வருஷா வருஷம் நடத்தி வாயில் நின்றுபோன எண்பத்திரண்டரையைப் போட்டேன். பிறகு மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். மாற்றவில்லை. ஏப்ரலில் மாடியில் நிலாவுக்குத் திருப்பிப் பார்த்தபோது குழாய் இரண்டு விரல் அகலம் தள்ளி நின்றது. மாடித் தரை மட்டமில்லை என்று முடிவுகட்டி, கையால் தள்ளி நிலாவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாணவன் இப்படிச் செய்திருந்தால் நோட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன். அட்டவணை தந்த தெம்பில், குறிபார்க்கிற சின்னக் குழாயையும் இனி எதற்கென்று கழற்றி வீட்டில் வைத்திருந்தேன்.

கண்மாயில் அன்று காற்றே இல்லை. தெற்கே கல்குவாரித் தூசியும் அதன் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து வானம் அழுக்காக இருந்தது. பெரிய வெள்ளிகள் நாலைந்துதான் தெரிந்தன. அவர் முன்போல நிமிர்ந்து கோடு போட்டுப் பார்க்கவில்லை. "இங்கிட்டு ஒண்ணும் பிடிபடல சார், நீங்க ஒங்க கணக்குல வைங்க" என்றார். இருபது வருஷத்தில் அவர் என் கணக்கைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவருக்காக வருத்தம் இருந்தது. அதற்குள்ளும் ஒரு துளி சந்தோஷம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வடக்கே துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வட்டத்தின் பூஜ்யத்தைச் சரிசெய்தேன். அது இடம் பெயராத நட்சத்திரம், அதற்குக் கடிகாரம் வேண்டியதில்லை. வேறு எந்த நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்திருந்தாலும் என் பிழை அங்கேயே பல்லைக் காட்டியிருக்கும். ஒன்பது மணிக்கு அட்டவணை சொன்ன எண்களுக்குக் குழாயைத் திருப்பி வைத்தேன். தென்கிழக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஒரு தடவை கண் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் என் கண்ணுக்குத் தெளிவு வைத்தால் அவருக்கு மறுபடி மாற்ற வேண்டும், அதற்குள் மேகம் மூடிவிடும். இதெல்லாம் பிறகு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணங்கள். எண் சரியாக இருக்கும்போது பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்தேன்.

"வந்துருச்சுண்ணே, பாருங்க" என்றேன்.

அவர் இடது கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. நான் நின்றேன், உட்கார்ந்தேன், கொசு அடித்தேன். தெளிவு வைக்கிற குமிழை அவர் முன்னும் பின்னும் திருப்புகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை கண்ணை எடுத்துத் துண்டால் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். கிடைத்ததா என்று கேட்டேன். குமிழை இன்னொரு தடவை திருப்பினார்.

"கெடக்கு சார்" என்றார். "அப்புடியே கெடக்கு."

கோலமாவைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான் அதைக் கவனிக்கவும் இல்லை. மேகம் மூடியது. பெட்டியைக் கழற்றி நானும் ஆட்டோக்காரரும் ஏற்றினோம். வழக்கமாக ஒரு கை பிடிப்பவர், கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை பற்றி யோசிக்கிறார் போல என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எப்படி முடிந்தது என்று கேட்க போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார். அவர் போகவே இல்லையாம். கோடைக்காலம், கடையில் மோட்டார் குவிந்து கிடக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். நான் மறுநாளே நேரில் போனேன். அதே காரணத்தைத்தான் என்னிடமும் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். கெஞ்சினேன், சண்டை போட்டேன். எதற்கும் அசையவில்லை.

ஜூன் கடைசியில் கடையில் உட்கார்ந்திருந்தபடியே இடது கண்ணில் ரத்தம் இறங்கியது. திரை போட்ட மாதிரி கறுத்துவிட்டது என்றார். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் பார்த்துவிட்டு, மே மாதம் வந்திருக்க வேண்டும் என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். அறுவையும் செய்தார்கள். பதினைந்து நாள் குப்புறப் படுத்தும் கிடந்தார். பலனில்லை.

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அண்ணி முன்னாலேயே கேட்டேன். பயந்தாங்கொள்ளித்தனத்தால் கையிலிருந்த கண்ணை நீங்களாகவே தூக்கி எறிந்துவிட்டீர்கள் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். அண்ணி முந்தானையை வாயில் வைத்து அழுதார். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மௌனத்தை நான் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுவதும் நான் தொலைநோக்கியைத் தொடவில்லை.

தை பிறந்தபின், நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் பிள்ளைகளுக்கு வானம் காட்டக் கூப்பிட்டார்கள். விளையாட்டுத் திடலில் வைத்து, ஓரியன் ஒளிமேகத்துக்கு எண்களைப் போட்டுத் திருப்பினேன். கண் வைத்தால் ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கினேன். ஓரியன் வெறும் கண்ணுக்கே பளிச்சென்று நிற்கிறது, என் குழாய் அதற்கு மேற்கே தள்ளி வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையால் தள்ளிக் காட்டி, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அந்தத் திடலிலேயே உட்கார்ந்து போனில் அட்டவணையைத் திறந்தேன். தீர்க்கரேகைக் கட்டத்தில் எண்பத்திரண்டு புள்ளி ஐந்து.

முதலில் வந்தது வெறும் எரிச்சல்தான். பிறகுதான் கண்மாய் ஞாபகம் வந்தது. அன்று ஒன்பது மணிக்கு அந்த எண்கள் குழாயை எங்கே வைத்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒமேகா சென்டாரிக்கு மேற்கே கிட்டத்தட்ட மூன்று டிகிரி தள்ளி; தெற்கே போகப் போக மணிக்கோடுகள் நெருங்குவதால் மூன்றரையில் கொஞ்சம் குறைந்திருந்தது. என் கண்வில்லையில் தெரிகிற வட்டம் முழுவதுமே ஒரு டிகிரிதான். அந்தத் தூசியில் எந்தக் கண்ணுக்கும் அங்கே பார்க்க எதுவும் கிடைத்திருக்காது. அப்படியானால் அவர் எதைப் பார்த்துக் கிடக்கு என்றார்? என் மனசு நோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நல்ல மனசை நினைத்துக் கொஞ்சம் நெகிழ்ந்தும் போனேன். அவ்வளவுதான் எனக்கு எட்டியது.

மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நாற்காலியில் வெயிலுக்குத் தோள் காட்டி உட்கார்ந்திருந்தார். என் பைக் சத்தத்திலேயே "வாங்க சார்" என்றார். அண்ணி டீ போட உள்ளே போனார். நான் பள்ளியில் நடந்த கூத்தைச் சொல்லி, அப்படியே கண்மாய்க்கு வந்தேன். ஒரு மன்னிப்பு கேட்டு, நாலு வார்த்தை கேலி வாங்கிக்கொண்டு போகலாம் என்ற நினைப்பு. கணக்குப்பிள்ளை கணக்கில் கோட்டை விட்டுவிட்டான் என்று அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் வச்சது வெறும் எடம்ணே. அங்க ஒண்ணுமே கெடையாது. யாரு பாத்தாலும் தெரிஞ்சிருக்காது."

அவர் சிரிக்கவில்லை. தலையை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். கை நாற்காலியின் பிடியைத் தேடிப் பிடித்தது.

"யாரு பாத்தாலுமா?"

ஆமாம் என்றேன்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல சார் அன்னைக்கு. இருவது வருசமா பாத்தது, நீங்க வேற கணக்குப் பண்ணி வச்சிருக்கீங்க. கண்ணுதான் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். போன கண்ணுக்கு எதுக்குத் திரும்பவும் குப்புறக் கெடக்கணும்? அதான் போகல." பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப என் கண்ணு அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சா?"

அவருக்குத் தலையாட்டினால் தெரியாது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் கையைப் பிடித்து, "இருந்துச்சுண்ணே" என்றேன்.

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவர் கையை விடுவித்துக்கொண்டார். "அவகிட்ட இதச் சொல்லிறாதீங்க சார்" என்றார்.

அண்ணி டீயைக் கொண்டுவந்து முதலில் எனக்குக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய பேச்சுத்தான் நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அவர் பக்கம் திரும்பி, அந்த ஆறேழு மாதமாகச் சொல்லிச் சொல்லி ஆறாததைச் சொன்னார்.

"சாரு அம்புட்டுச் சொன்னாரு. நீங்கதான் கேக்கல."

"ஆமா" என்றார் அவர். "நாந்தான் கேக்கல."